பிளீஸ் என்றொரு துணி

ஐம்பது வயதைத் தாண்டிய, கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற, தேர்தல் நேரத்தில் தெருக்காரர்கள் வந்து கருத்துக் கேட்கிற ஒரு மனிதன், கைக்குழந்தையின் இடுப்பில் கட்டும் துணி விஷயத்தில் தோற்றுப்போனான் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வெறுமனே தோற்றிருந்தால் மறைத்துவிடலாம். தோற்பதற்கு முன்னால் அதே துணியைப் பற்றி வீட்டிலிருந்த எல்லோருக்கும், பால்காரர் உட்பட, வகுப்பு எடுத்திருந்தேன். அதனால் மறைக்க வழியில்லை.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எங்களுடையது மயிலாடுதுறைப் பக்கம், குத்தாலத்துக்கு அருகே ஒரு கிராமம். பேத்தி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் ஐப்பசியில் சம்பா நாற்று ஒன்றுதான் சந்தோஷமாக இருக்கும். துணி எதுவும் காயாது. அதனால் கடையில் விற்கிற பிளாஸ்டிக் ஜட்டியைக் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தார்கள். தொடையிடுக்கு சிவந்து தடித்துவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இந்தக் கண்றாவிய மொதல்ல தூக்கிப் போடுங்க, துணி கட்டுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

மகள் கால்நடை மருத்துவர். எதையும் படித்துப் பார்த்துவிட்டுச் செய்கிறவள். போனில் எங்கெங்கோ தேடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, உள்ள பருத்தித் துணிய மடிச்சு வெக்கணும். அது ஈரத்தக் குடிச்சுக்கும். மேல ஃப்ளீஸ்ல ஒரு உறை தெச்சுப் போட்டுடலாம். அது ஈரத்தக் குடிக்காது, வெளிய கடத்தாது, ஆனா காத்து போவும். அலசிப் போட்டா மழையிலயும் சீக்கிரம் காஞ்சிடும். பாலியஸ்டர் ஃப்ளீஸ்தான் வேணும், பாத்துக்குங்க. காட்டன் வாங்கிட்டு வந்துடாதீங்க."

"நான் பாத்துக்கறேன்" என்றேன். என் வாழ்க்கையில் நடந்த பெரும்பாலான விபத்துகள் இந்த வாக்கியத்தில் தொடங்கியவை.

முதலில் அந்தத் துணிக்குப் பெயர் வைத்தேன். நான் பிறந்ததிலிருந்து இந்த மாநிலத்தை ஆள்கிறவர்கள் பஸ்ஸைப் பேருந்தாக்கியவர்கள். அந்தக் காற்றில் வளர்ந்தவனுக்கு ஒரு பொருளைக் கண்டதும் தமிழ்ப் பெயர் தேடத் தோன்றும். அது எதற்குப் பயன்படும் என்பதை அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு ஒரு காலத்தில் நான் கலைச்சொல் குழு ஒன்றில் உறுப்பினன். ஃப்ளீஸ் என்றால் ஆட்டு ரோமம். ரோமம் வடமொழி. ஆகவே ஓர் இரவு யோசித்து 'குறுமயிர்த்துணி' என்று முடிவு செய்து, காலைக் காப்பியோடு அறிவித்தேன்.

மனைவி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மகள்தான், "அப்பா, அந்தப் பேரச் சொல்லிக்கிட்டு கடையில போயி நிக்காதீங்க, அடி விழும்" என்றாள்.

"சங்ககாலத்துச் சொல்லும்மா அது."

"கடைக்காரரு சங்ககாலத்துல கடை வெக்கல."

விடைத்தாள் திருத்தத் தஞ்சாவூர் போயிருந்த நாளில், மதியத்துக்கு மேல் ஒரு பெரிய துணிக்கடைக்குள் நுழைந்தேன். மகளின் எச்சரிக்கையை மதித்து ஆங்கிலத்திலேயே கேட்பது என்று தீர்மானம். ஆனால் அந்தச் சொல்லின் முதல் எழுத்து நம் நாக்குக்குச் சொந்தமில்லை. எழுத்தில் ஆய்தத்தைப் போட்டுச் சமாளித்துவிடுகிறோம். வாயில் ஆய்தத்தை எங்கே போடுவது?

"பிளீஸ் இருக்கா?" என்றேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனிதர். "சொல்லுங்க சார், என்ன வேணும்?"

"பிளீஸ்."

"சார், எதுக்கு இவ்வளவு கெஞ்சுறீங்க? துணி பேரச் சொல்லுங்க, எடுத்துப் போடுறேன்."

"துணி பேரே அதாங்க. பிளீஸ்."

அவர் உள்ளே திரும்பி, "அண்ணே, இங்க ஒரு சார் பிளீஸ் பிளீஸ்ங்கறாரு" என்றார். உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "மரியாதையா கேக்குறாருல்ல, என்னான்னு பாத்துக் குடேன்" என்றார்.

கீழுதட்டைப் பல்லில் கடித்து, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் காற்றை வெளியே விட்டுச் சொல்லிக் காட்டினேன். பக்கத்தில் பட்டுப்பாவாடை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் தன் பெண்ணைக் கொஞ்சம் நகர்த்தி நிற்க வைத்தார். கடைசியில் கம்பளி, குளிர், சட்டை என்று கை ஜாடையில் இறங்கியதும் கவுன்ட்டர்காரருக்குப் பிடிபட்டுவிட்டது.

"ஸ்வெட்டர் துணியா சார்? இங்க மார்கழியிலயே வேர்க்குது. அதெல்லாம் ஊட்டியில கேளுங்க." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, மாடியிலிருந்து ஒரு கட்டை இறக்கச் சொன்னார். மெல்லிய துணி. இரண்டு பக்கமும் பூனைக்குட்டி முதுகுபோலப் பூவாக இருந்தது. இழுத்தால் கொஞ்சம் கொடுத்தது. மேலே மஞ்சள் கரடிகள் பலூன் பிடித்துக்கொண்டிருந்தன. "கொழந்தைக்குப் போர்வை தெக்கிறவங்க வாங்குவாங்க. நீங்க சொல்றது இதுதான்னு நெனைக்கிறேன்."

அதுதான். நான் தேடி வந்தது அதுவேதான். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன். "இது பருத்தியா?"

"இல்ல சார். பாலியஸ்டர்."

"பிளாஸ்டிக்" என்றேன், குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்ட தொனியில்.

மகள் பாலியஸ்டர் என்று சொன்னது நினைவில் இருந்தது. அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று நானே தீர்த்துக்கொண்டேன். பிளாஸ்டிக் ஜட்டியால் புண்ணான குழந்தைக்கு இன்னொரு பிளாஸ்டிக்கையா போடுவது? குத்தாலம் பக்கத்தில் நெல் அறுத்த வயலில் கோடைக்குப் பருத்தி போடுகிறவர்கள் நாங்கள். எங்கள் வீட்டுப் பேத்திக்குப் பாலியஸ்டர் உறை என்றால் அந்த வயல் என்ன நினைக்கும்? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தால், திருப்பூர் மிச்சத் துணியை எடை போட்டு விற்கிற ஒரு சின்னக் கடை.

அங்கே "பிளீஸ்" என்று நான் வாயெடுத்ததுமே, "ஃப்ளீஸா? எத்தன கிலோ?" என்றார் கடைக்காரர். ஒரு தமிழன் அந்தச் சொல்லை இவ்வளவு லாவகமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் விரித்துப்போட்டது ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சுரண்டிவிட்டதுபோல் மெத்தென்றும் இருந்த கனமான துணி. பனியன் கம்பெனிக்காரர்கள் குளிர்நாடுகளுக்குச் சட்டை தைத்து அனுப்புவது. திருப்பூரில் அதற்கும் ஃப்ளீஸ் என்றுதான் பெயர்.

"பருத்தியா?"

"சுத்த காட்டன் சார். பொய் சொல்ல மாட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

மகள் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, இது காட்டன்" என்றாள். "பொறு" என்று சொல்லிவிட்டு, ஒரு குண்டான் வாயில் துணியை இழுத்துக் கட்டி, டம்ளர் தண்ணீரை மேலே ஊற்றினேன். தண்ணீர் தாமரை இலையில் நிற்பதுபோல் நின்றது. அப்போதுதான் பால்காரர் வந்தார். அவருக்கும் காட்டினேன். "நல்லாத்தாங்க நிக்கிது" என்றார். துணியின் அடர்த்தி, பின்னலின் நெருக்கம், பருத்தியைப் பற்றி உலகம் கொண்டுள்ள தவறான எண்ணங்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருந்ததில் அன்று மேலத்தெருவுக்குப் பால் தாமதமாகப் போனது.

"தொவைச்சிட்டு ஊத்திப் பாருங்கப்பா" என்றாள் மகள்.

புதுத் துணியை எதற்குத் துவைப்பது என்று அதை நான் பொருட்படுத்தவில்லை. மனைவி அவளுடைய மிஷினிலேயே உறைகளைத் தைத்துக் கொடுத்தாள். தைத்ததைத் துவைத்து, காய வைத்து, குழந்தைக்குப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு மனைவி டி.வி. பார்த்தாள். விளம்பரம் வருவதற்குள் எழுந்து நின்றாள். புடவையின் முன்பக்கம் முழுக்க ஈரம். கம்பெனியில் பூசி அனுப்பிய வழவழப்பு ஒரே துவைப்பில் போய்விட, துணி தன் பிறவிக் குணத்தைக் காட்டிவிட்டது. உள்ளே இருந்த பருத்தி குடித்ததையெல்லாம் வெளியே இருந்த பருத்தி வாங்கி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விநியோகம் செய்தது.

"இது உறையா, உறிஞ்சியா?" என்று கேட்டாள் மனைவி. கலைச்சொல் குழுவில் இவளைப் போட்டிருக்க வேண்டும்.

இதுவரை நடந்தது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் அந்த வாரம்தான் மகள் இன்னொரு செய்தி சொன்னாள்: "ஞாயித்துக்கெழம மாமா வர்றேன்னு சொல்லிட்டாங்கப்பா. கொழந்தையப் பாக்க. இங்கயே."

மாமா என்று அவள் சொன்னது அவளுடைய மாமனாரை. அவர் எங்கள் வீட்டுக்கு வருவது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது எங்கள் தாத்தாவின் நிலத்திலிருந்து ஒரு துண்டை உபரி என்று அரசாங்கம் எடுத்து, அதே வயலில் கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. அவர்தான் சம்பந்தியின் அப்பா. பட்டா அவர் கைக்குப் போய்விட்டது. ஆனால் அந்தத் துண்டுக்கு வாய்க்கால் தண்ணீர் எங்கள் வயல் வழியாகத்தான் போக வேண்டும். என் அப்பா மடையைத் திறக்கவில்லை. சட்டத்தை எதிர்க்க முடியாதவர்கள் தண்ணீரை எதிர்த்தார்கள். தாசில்தாரிடம் மனு, வாய்தா, மறுபடி வாய்தா. இடையில் அந்தப் பெரியவர் எத்தனையோ முறை எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறார். படிக்குக் கீழே நின்று கேட்பார். மேலே வரச் சொல்லி ஒருவரும் சொன்னதில்லை. பக்கத்தில் அவருடைய மகனும் நிற்பார், இப்போது என் சம்பந்தி.

அப்பா போன பிறகு நான் மடையைத் திறந்துவிட்டேன். அதை ஒரு பெரிய காரியமாக எண்ணி அவர்கள் பக்கம் சொல்லியும் அனுப்பினேன். அவர்கள் அதற்குள் போர்வெல் போட்டிருந்தார்கள்.

பிறகு என் மகளும் அவர் மகனும் ஒரே கல்லூரியில் மாட்டு வைத்தியம் படித்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய், கல்யாணம் மயிலாடுதுறையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சம்பந்தி வந்தார், முறையெல்லாம் செய்தார், என்னை 'சார்' என்று கூப்பிட்டார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் கட்சி வேலை, கூட்டம், அறுவடை. அவர் பங்குக்கு வாய்தா வாங்கிக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் ஒரு தடவை இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும் என்பதுதான் மகளுடைய ஆசை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் எந்நேரமும் சமாதானக் கொடியைத் தூக்கிப் பிடித்துக் கை வலித்துப்போனவள் அவள்.

எனக்கோ ஒரே கவலை. அவர் வெள்ளை வேட்டியோடு வருவார். குழந்தையை மடியில் வாங்குவார். என் திருப்பூர்ப் பருத்தி தன் வேலையைக் காட்டும். படிக்குக் கீழே நிறுத்திவைத்த அதே வீடு, இத்தனை வருஷம் கழித்து உள்ளே கூப்பிட்டு, ஈர வேட்டியோடு நிறுத்தியது என்று ஆகிவிடாதா?

மகள் சரியான துணியைப் போனிலேயே ஆர்டர் போட்டிருந்தாள். பார்சல் வந்து சேரவில்லை. வயல்களுக்கு நடுவே எரிவாயுக் குழாய் பதிக்கக் கூடாது என்று சாலை மறியல்; வண்டிகள் மயிலாடுதுறையோடு நின்றுவிட்டன. மறியலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் சம்பந்தியும் ஒருவர். தன் வேட்டியைக் காப்பாற்ற வந்துகொண்டிருந்த துணியை அவரே மறித்துவிட்டார். நியாயமான மறியல், எங்கள் வயலும் அந்தக் குழாயின் பாதையில்தான் இருந்தது. ஒன்றும் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை இரவு எனக்கு ஒரு யோசனை வந்தது. "அவர் உக்காந்ததும், கொழந்தையக் கொடுக்கறதுக்கு முன்னாடி, மடியில ஒரு ரப்பர் ஷீட்டப் போட்டுடலாமா?"

மனைவி பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மொத தடவையா வீட்டுக்கு வர்ற மனுஷன் மடியில ரப்பர் ஷீட்ட விரிப்பீங்களா? அப்படியே அவர் உக்கார்ற நாற்காலியிலயும் ஒண்ணு விரிச்சிடுங்க. உங்க அப்பாவுக்கு ரொம்பத் திருப்தியா இருக்கும்."

எனக்கு அந்தக் கோணம் தோன்றவே இல்லை. ரப்பர் ஷீட்டை நானே கொண்டுபோய்ப் பரணில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, தூறலில், மருமகனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார் சம்பந்தி. புது வேட்டி. கட்சிக் கரை. (இந்த இடத்தில் கரை, கறை என்று ஒரு சிலேடை வர வேண்டும். அதை மேடைக்கு மேடை சொல்லித் தேய்த்துவிட்டார்கள். விட்டுவிடுகிறேன்.)

"வாங்க சம்பந்தி, வாங்க" என்று நான் தேவைக்கு அதிகமாகவே சத்தம் போட்டேன். அவர் படிக்குக் கீழே ஒரு கணம் நின்றார். கால் கழுவத்தான் நின்றார் என்று மனைவி இன்றும் சொல்கிறாள். இருக்கலாம். பிறகு ஏறி, உள்ளே வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சம்பா எப்படி சார்?"

"நல்லா இருக்குங்க. வடியணும்."

"வடியும் வடியும்."

மகள் குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் கட்சி மேடையில் பொன்னாடை வாங்குகிறவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்து, அசையாமல் குழந்தையையே பார்த்தார். குழந்தையும் அவரைப் பார்த்தது. நான் வேட்டியைப் பார்த்தேன். மாற்றாந்தாய் உலையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன் என்று மகள் பிற்பாடு சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஈரம் முதலில் ஒரு காசளவு தெரிந்தது. பிறகு தட்டளவு. பிறகு முழங்கால் வழியாக இறங்கி, கரையைத் தொட்டு, தரையில் சொட்டியது. மகள் வாயில் கை வைத்துக்கொண்டாள். மருமகன் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தான். நான் எழுந்து நின்று, "மன்னிக்கணும், துணி, அது திருப்பூர்..." என்று என்னவோ உளறினேன்.

சம்பந்தி குழந்தையைக் கொடுக்கவில்லை. குனிந்து வேட்டியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எங்க அப்பா இந்த வாசல்ல நின்னு எத்தன வருஷம் தண்ணி கேட்டாரு. ஒங்க வயல்லேர்ந்து ஒரு சொட்டு எறங்கல. இப்பத்தான் ஒங்க வூட்டுத் தண்ணி எங்க பக்கம் வந்து சேந்துருக்கு."

அவர் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. மகள் சிரித்தாள், சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். சமையல்கட்டிலிருந்து மனைவி சிரிப்பது கேட்டது. கடைசியாகச் சேர்ந்துகொண்டவன் நான்.

மாற்று வேட்டி எடுக்க பீரோவைத் திறந்தேன். என்னிடம் இருந்த ஒரே புது வேட்டி பொங்கலுக்கு ஒரு சொந்தக்காரர் கொடுத்தது. எதிர்க்கட்சிக் கரை. விரித்துக் காட்டியதும் சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், ஈரத்தோடயே இருந்துடறேன். இதக் கட்டிக்கிட்டு நான் தெருவுல எறங்குனா பரம்பரைக்கும் சொல்லிக் காட்டுவானுங்க."

கடைசியில் என் கைலியைக் கட்டிக்கொண்டார். வேட்டியை அலசி, அறையில் ஃபேனுக்குக் கீழே போட்டோம். மழைநாள், அது காய்வதாயில்லை. எனவே காப்பி குடித்தார். எனவே சாப்பிட்டார். சாப்பிட்டதும் கூடத்திலேயே பாயைப் போட்டு, என் கைலியோடு, குழந்தைக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கினார். லேசான குறட்டை. மகள் வாசற்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அரைகுறையாகக் காய்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, "வர்றேன் சம்பந்தி" என்று கிளம்பிப் போனார். அடுத்த மாதம் அவரே போன் செய்துவிட்டு வந்தார். இப்போது போன்கூடச் செய்வதில்லை.

எனக்கு அதில் ஒரு கொள்கை புலப்பட்டது. மகள் கேட்ட பாலியஸ்டரை நான் ஒழுங்காக வாங்கி வந்திருந்தால் வேட்டி நனைந்திருக்காது. நனையாவிட்டால் அவர் காப்பியோடு கிளம்பியிருப்பார். கைலி இல்லை, சாப்பாடு இல்லை, குறட்டை இல்லை. மூன்று தலைமுறைத் தகராறு ராஜி ஆனதற்கு என்னுடைய தப்பான தேர்வே காரணம். பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. இதை ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது விரிவாக எடுத்துச் சொன்னேன்.

மகள் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"அன்னிக்கி கொழந்தைக்கு உறையே போடலப்பா. புண்ணு ஆறட்டும்னு வெறும் துணியச் சுத்தித்தான் குடுத்தேன். நீங்க வாங்குனது எல்லாமே பின்னாடி கொடியில ஈரமாத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அது காஞ்சாத்தானே கசியறதுக்கு?"